‘யூ மே கோ’ என்றால் எங்கே போவது?

இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவனை யாரும் முழுதாக நம்புவதில்லை. வெள்ளைக்காரன் பேசும் உயர்ந்த சரக்கை வாத்தியார் தனக்கென்று ஒளித்துவைத்துக்கொண்டு, நமக்குக் கழிவுச் சரக்கைத் தள்ளிவிடுகிறார் என்பதுதான் மலாய் நாட்டுப் பிரிக்ஃபீல்ட்ஸில் என்னிடம் படித்தவர்களின் பொதுவான எண்ணம். அரிசிக்கடைக்குப் பின்னால் ஓர் அறை. பொழுது சாய்ந்ததும், வேலை முடிந்து வரும் பெரிய ஆண்களுக்கு அங்கே பாடம். இங்கிலீஷைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா? வேறு எந்தப் பாடத்திலும் வராத சண்டை, அனுமதி கேட்கும் பாடத்தில் வந்துவிடும்.

மழையும் லீவும்

அனுமதி கேட்பதற்கு ‘மே’ என்று தொடங்க வேண்டும் என்று பலகையில் எழுதினேன். ‘மே ஐ கோ?’ என்றால் ‘நான் போகலாமா?’ அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘இட் மே ரெய்ன்’ என்றால் ‘மழை வரலாம்’ என்றும் பக்கத்திலேயே எழுதினேன். தமிழிலும் இரண்டுக்கும் ‘லாம்’தானே, சட்டென்று பிடிபடும் என்று நினைத்தேன்.

வகுப்பில் முணுமுணுப்பு எழுந்தது. சலவைக்கடை குப்புசாமி எழுந்து, அழுக்குச் சட்டையின் காலரைப் பார்ப்பது போல என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அப்ப துரை ‘யூ மே’ன்னு சொன்னா அது உத்தரவா வாத்தியாரே, இல்ல மழை மாதிரி வந்தாலும் வரும், வராட்டியும் போவுமா?”

எல்லாவற்றுக்கும் ஒரு போலே

அன்று பின்வரிசையில் இருந்த வேலாயுதத்துக்கு வேறொரு சந்தேகம். அவர் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றும் கட்டையை இழுக்கிறவர். ரயில் எந்தப் பாதையில் போக வேண்டும் என்பது அவர் கையில் இருக்கிறது; தான் எங்கே போகலாம் என்பது மட்டும் துரையின் கையில். பாசார் சந்தையில் மலாய் மீன்காரரிடம் ‘போலே?’ என்று கேட்டால் ‘போலே’ என்று பதில் வரும், முடியுமா என்பதற்கும் செய்யலாமா என்பதற்கும் அந்த ஒரு சொல்லே போதும், இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் எதற்கு ‘கேன்’ ஒன்று, ‘மே’ ஒன்று என்று அவர் என்னிடம் வாதாடினார். இரண்டு சொல்லுக்கும் சேர்த்து நான் கூடுதலாகச் சம்பளம் வாங்கப் பார்க்கிறேன் என்றுகூட நினைத்திருப்பார்.

நான் பொறுமையாக விளக்கினேன். ‘கேன்’ என்றால் உன்னால் முடியுமா என்பது. ‘மே’ என்றால் எதிரில் இருப்பவர் விடுவாரா என்பது. வேலாயுதம் ‘கேன்’ என்று எழுதியிருந்ததைத் தன் சிலேட்டிலிருந்து எச்சில் தொட்டு அழித்தார்.

“அப்ப இது எனக்கு வேணாம் வாத்தியாரே. என்னால முடியுமான்னு இந்த ஊருல யாரு கேட்டா?”

காணாமல் போன வார்த்தைகள்

வேலாயுதம் படிக்க வந்த காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் மனைவி அஞ்சலை ஊரிலிருந்து கப்பலில் வருகிறாள். வெள்ளிக்கிழமை சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்குவாள். தனியாக வரும் பெண்ணை முகாமில் வைத்திருப்பார்கள். உரியவர் நேரில் போய்க் கேட்க வேண்டும். போகாவிட்டால் அடுத்த கப்பலில் ஊருக்கே திருப்பிவிடுவார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். லீவு இல்லாமல் போனாலோ வேலை போய்விடும். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் லீவு கேட்காமல் இல்லை. ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா, கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். அவர்தான் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்று இங்கிலீஷும் தமிழும் பேசுகிறவர். அவரை வைத்துக் கேட்டு, ‘இல்லை’ என்று பதிலும் வந்துவிட்டது. ஆனால் அந்த ‘இல்லை’ துரையுடையதா, கிராணியுடையதா என்பதில் வேலாயுதத்துக்குச் சந்தேகம். எனக்கும்தான். துரைக்கு முன்னால் நிற்கும் எந்தத் தமிழனையும் நாங்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் பார்த்தோம்.

“நான் மூச்சு முட்டச் சொல்றேன் வாத்தியாரே. பொஞ்சாதி, கப்பலு, கேம்பு எல்லாத்தையும் சொல்றேன். அவரு துரைகிட்ட ரெண்டு வார்த்ததான் சொல்றாரு. மிச்ச வார்த்தையெல்லாம் எங்க போச்சு?”

துரை சொன்ன பதில்

ஆகவே அவரே கேட்பது என்று முடிவாயிற்று. ‘மே ஐ கோ டு தி போர்ட் ஆன் ஃப்ரைடே, சார்? மை ஒய்ஃப் இஸ் கமிங்.’ இதைச் சொல்லிச் சொல்லி வகுப்பு முழுவதற்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. குப்புசாமி துணி தேய்க்கும்போதுகூட ‘மை ஒய்ஃப் இஸ் கமிங்’ என்று முனகுவதாக அவர் மனைவி சண்டைக்கு வந்தாள் என்று கேள்வி.

வியாழக்கிழமை மாலை வேலாயுதம் பல்லெல்லாம் தெரிய வந்தார். துரையின் அறைக்குள் போனாராம். ஒரு சொல் பிசகாமல் சொன்னாராம். துரை காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் ‘யூ மே கோ’ என்றாராம். நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். என் மனம் அப்படிக் குளிர்ந்துபோயிருந்தது. குப்புசாமி மட்டும் அசையவில்லை. தலையைத் தூக்காமலா சொன்னார், கையை ஆட்டினாரா, எந்தப் பக்கம் ஆட்டினார் என்று போலீஸ்காரர் மாதிரி துருவினார். கையைக் கதவுப் பக்கம் ஆட்டினாராம்.

“போகலாம்னு சொன்னாரு, சரி. எங்கன்னு சொன்னாரா?”

போகட்டும்

வேலாயுதத்தின் முகம் செத்துப்போயிற்று. லீவில் போகலாமா, அறையை விட்டு வெளியே போகலாமா? இலக்கணத்தில் இதற்கு விடை கிடையாது. தெரிந்த ஒரே ஆள் கந்தையா. நாங்கள் நம்பாத மனிதரின் வீட்டுக்கே போய் நின்றோம்.

கந்தையா சாய்வு நாற்காலியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டார். “மாஸ்டர், இவன்ர இங்கிலீஷ் துரைக்கு ஒரு சொல்லும் விளங்கேல்ல. வெளியில போ எண்டுதான் சொன்னவர். பிறகு என்னைக் கூப்பிட்டு, இவன் ஏன் வந்தவன் எண்டு கேட்டார். நான் சொன்னன். போகட்டும் எண்டார்.”

வேலாயுதம் என்னை ஓரமாக இழுத்தார். “போகட்டும்னா? ‘ஆளு போகட்டும்’னா, இல்ல ‘அடப் போகட்டும், அந்தப் பேச்ச விடு’ன்னா?” எனக்கும் அதே உதைப்புத்தான். துரை சொன்ன இங்கிலீஷையே சொல்லுங்கள் என்று கிராணியிடம் கேட்டேன். ‘லெட் ஹிம் கோ’ என்றார். வேலையிலிருந்து ஆளை நிறுத்துவதற்கும் அப்படிச் சொல்வார்களே! கேட்டேவிட்டேன். கந்தையா கண்ணாடியைக் கழற்றினார்.

“துரை ரெண்டு சொல்லுக்கு மேல கேளார், நான் என்ன செய்யிறது? அண்டைக்கும் இதைத்தான் கேட்டனான், இல்லை எண்டவர். இண்டைக்கு இவன் வந்து நிண்டு கதைச்ச இங்கிலீஷில அவருக்குச் சிரிப்பு வந்திட்டுது, ஓம் எண்டவர். ஒரு நாள் லீவு, சனிக்கிழமை வேலைக்கு வரவேணும். உங்களுக்கு நம்பிக்கை இல்லையெண்டா வீட்டிலயே கிடவுங்கோ!”

முகாம் வாசலில்

அப்போதும் வேலாயுதத்துக்கு முழு நம்பிக்கை வரவில்லை. போகிற வழியில் இங்கிலீஷ் ஏமாற்றிவிட்டால் கேட்பதற்கு ஆள் வேண்டும் என்று என்னையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார். முகாம் அதிகாரி முன்னால் ‘மே ஐ டேக் மை ஒய்ஃப், சார்?’ என்றார், அட்சரம் பிசகாமல். இந்தத் துரைக்கு விளங்கியது. ஆனால் மேயும் இல்லை, கேனும் இல்லை. அவளைக் கேள் என்று தன் தமிழ் கிராணிக்குக் கையைக் காட்டிவிட்டார்.

தகரப்பெட்டியோடு நின்றிருந்த அஞ்சலையிடம் அந்தக் கிராணி, “இவருதான் உன் புருஷனா? இவரோட போகச் சம்மதமா?” என்று கேட்டார். அவள் வேலாயுதத்தைப் பார்த்தாள். ஊரிலிருந்து போனபோது குடுமி, வேட்டி. இப்போது கிராப்பு, தொப்பி, பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிச் சட்டை. “எங்க வீட்டுக்காரருக்குக் குடுமி உண்டு” என்றாள். வேலாயுதம் ஊர்ப் பெயர் சொன்னார். மாமனார் பெயர் சொன்னார். கல்யாணத்தன்று மழையில் பந்தி கலைந்ததைச் சொன்னார். “இதெல்லாம் கப்பல்ல வந்த யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க” என்றாள் அவள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

வேலாயுதம் பரிதவித்துப்போய் என் பக்கம் திரும்பினார். “வாத்தியாரே, நான் சொன்னதையெல்லாம் இந்தக் கிராணி அவகிட்டச் சரியாச் சொல்றாரா?” தமிழில் பேசும் பெண்டாட்டி நாலடி தூரத்தில் நிற்கிறாள்! அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். “இவருதாங்க. இப்படிச் சந்தேகப்பட ஒலகத்துல வேற ஆளு கிடையாது” என்று கிராணியிடம் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். “வாங்க, போலாம்” என்றாள்.

வேலாயுதம் நகரவில்லை. கண்ணைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். “இது எந்தப் போகலாம் வாத்தியாரே?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள்.

“எந்தப் போகலாமா? வீட்டுக்குப் போகலாம்!”

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வீட்டுக்கு நடப்பதற்கும் ‘லெட் அஸ் கோ’ என்று, எங்களை விடு என்று யாரிடமோ கெஞ்சுகிற ஒரு பாஷையைத்தான் நான் இன்றும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன், முழுதாக நம்பாமல்.