கடல் பார்க்காத பதிமூன்றாம் வண்டி

நான்காவது பெட்டியின் சக்கரத்தை நோக்கிச் சுட்டுவிரலை நீட்டி, "பிரேக் கட்டை, சரி" என்று உரக்கச் சொல்கிறார் கிஜிமா. கேட்பதற்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. ரயில் பணிமனையில் எல்லோரும் இப்படித்தான். விரல் நீட்டி வாய்விட்டுச் சொன்னால்தான் ஒன்றைப் பார்த்ததாக அர்த்தம். வேலை முடிந்ததும் மற்றவர்கள் விரலை மடக்கிக்கொள்வார்கள். கிஜிமா வீட்டிலும் விடமாட்டார். "அடுப்பு, சரி. சாவி, சரி" என்று வாசலில் நின்று அறிவிப்பார். "என்னையும் ஒரு தடவை காட்டிச் சொல்லிடுங்க. முப்பது வருஷமா யாரும் செக் பண்ணல" என்பார் மனைவி சுமியே.

பதினெட்டு வயதில் அவர் வேலைக்குச் சேர்ந்த அதே ஏப்ரலில்தான் பதிமூன்றாம் வண்டியும் புதுப் பெயின்ட் வாசனையோடு பணிமனைக்கு வந்தது. வரும் மார்ச்சில் அவருக்கு ஓய்வு, வண்டிக்கும் அதே மாதம்தான். விடுமுறை நாளில் எங்காவது கிளம்பினால்கூடப் பதிமூன்று வரும்வரை மற்ற வண்டிகளை விட்டுவிடுவார். வந்ததும் மோட்டாருக்கு நேர் மேலே போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்பார். சுமியே அடுத்த பெட்டியில் ஏறிக்கொள்வார், யாரோ எவரோ என்பது போல.

பெட்டிக்குப் பெட்டி, பக்கத்துக்கு நாலு கதவு அந்த வண்டிக்கு. காலை நெரிசலில் பிதுங்கும் கூட்டம் அரை நிமிடத்தில் இறங்கி ஏறிவிட வேண்டும் என்று யோசித்து வரைந்திருக்கிறார்கள். யோசித்தபடியே நடந்தது. ஆனால் கதவு பெருகினால் தண்ணீர் புகும் வழியும் பெருகும். நாற்பத்திரண்டு மழைக்காலத்துக் குடைத்தண்ணீர் அந்த வாசல்களில்தான் சொட்டியிருக்கிறது. ஐம்பது லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது வண்டி, அத்தனையும் குன்றோரக் குடியிருப்புகளுக்கும் நகரத்துக்கும் நடுவே. இதை நினைத்தால் கிஜிமாவுக்கு ஆறாது.

"உலகத்தை நூத்தி இருபத்தஞ்சு சுத்து சுத்தின தூரம்யா. ஒரு அலையைக்கூடப் பாக்கல."

"வண்டிக்கா கண்ணு இருக்கு? பாக்கணும்னு உனக்கு ஆசைன்னா டிக்கெட் எடுத்துட்டுப் போயேன்" என்றார் கூடவே வேலைக்குச் சேர்ந்த நகுமோ.

இந்த இலையுதிர் காலத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. வடக்கே கடலை ஒட்டி ஓடும் ஒரு சின்ன ரயில் கம்பெனிக்கு இரண்டு பெட்டிகள் வேண்டுமாம். பதிமூன்றிலிருந்து எடுப்பார்கள், இல்லையென்றால் பதினேழிலிருந்து. மீதியெல்லாம் பணிமனையின் கோடியில் துண்டு துண்டாக வெட்டப்படும். கிஜிமா வரைபடத்தை விரித்து, தண்டவாளம் கடலுக்கு மிக அருகில் போகும் நிலையத்தைக் கண்டுபிடித்தார். ஓய்வு பெற்ற மறுநாளே அங்கே போய், பதிமூன்றில் ஏறி, ஜன்னலோரம் உட்கார வேண்டும். அந்த ஆசை அவரைச் சோறு தின்னவிடவில்லை.

ஒரு வாரம் பெட்டி பெட்டியாகச் சோதித்தார். நான்காவது பெட்டியின் மூன்றாவது கதவுக்கு வந்தபோது மட்டும் விரல் நீளவில்லை. அந்த வாசல் தகட்டை ஜூன் மாதத்தில் ஒருமுறை கழற்றிப் பார்த்து, உடனே மூடியவர் அவர். பிறகு பெயின்டும் அடித்துவிட்டார். விரல் நீட்டவில்லை, வாய் சொல்லவில்லை, ஆகவே அவர் எதையும் பார்க்கவில்லை. விதிப்படி பிசகில்லை, மனசுதான் கேட்கவில்லை.

வடக்கிலிருந்து இகராஷி என்ற பெண் பொறியாளர் வந்தார். சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்தார், பெட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். ஒவ்வொரு கதவிலும் குந்தி எழுந்தார். மாலைக்குள் நோட்டை மூடிவிட்டார்.

"ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க, கிஜிமா சான். பதினேழுக்கு இது எவ்வளவோ தேவலை. இதையே எடுத்துக்கறோம்."

பின்னால் நின்ற நகுமோ, கிஜிமாவின் முதுகில் யாருக்கும் தெரியாமல் ஒரு குத்து விட்டார்.

"எங்க ஊர்க் காத்து பொல்லாதது. உப்பா அடிக்கும். லேசா துரு இருந்தாலே ரெண்டு குளிர்காலம் தாங்காது" என்று கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார் இகராஷி. "ஸ்கூல் பசங்க வேற, உள்ள எவ்வளவு இடம் இருந்தாலும் கதவு வாசல்லயேதான் நிப்பாங்க."

இகராஷி கிளம்புவதற்காகப் படியில் கால் வைத்துவிட்டார்.

"கொஞ்சம் இருங்கம்மா."

கிஜிமா நான்காவது பெட்டிக்கு நடந்து, மூன்றாவது கதவருகே மண்டியிட்டு, புதுப் பெயின்டைக் கீறித் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தகட்டைத் தூக்கியதும் கீழே இருந்த இரும்பு, நனைந்த அட்டை போலப் பிய்ந்து உதிர்ந்தது. நகுமோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். இகராஷி பக்கத்தில் வந்து குனிந்தார்; அவருடைய நிழலே அந்த இடத்தை மறைத்தது.

"சரியாத் தெரியலையே" என்றார்.

கிஜிமா தலைக்கவசத்திலிருந்த விளக்கைக் கழற்றி, ஓட்டைக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார்.