பரமபதத்தில் தங்கையின் முறை

வைகுண்ட ஏகாதசி அன்று நானும் என் தங்கையும் பரமபதம் ஆடாமல் இருந்ததில்லை. கல்யாணமாகி அவள் மஸ்கட் போன பிறகு அது நின்றுபோனது. அந்த வருடம் போனில் அதைச் சொல்லி அழுதாள். நான் பத்தாவது படித்துவிட்டு எண்ணூரில் லேத் ஓட்டுகிறவன். ஆனாலும் அடுத்த ஏகாதசிக்குள் இன்டர்நெட்டிலேயே அந்த ஆட்டத்தைச் செய்துவிடுகிறேன் என்று, பெருமாள் மேல் பாரத்தைப் போட்டுச் சொல்லிவிட்டேன்.

ஷிப்ட் முடிந்ததும் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவேன். நடத்தியவர் தூத்துக்குடிக்காரர், என் வயதுதான். அவர் கொடுத்த புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்து புரோகிராம் எழுதினேன். ஒரு செமிகோலன் விட்டுப்போனால் பக்கம் வெறும் வெள்ளையாக நிற்கும். எங்கே தப்பு என்று சொல்லாது. லேத்தில் தப்பு செய்தால் சத்தமாவது கேட்கும்.

ஒரு வழியாகப் பாம்பும் ஏணியும் வந்தன. அவள் உருட்டினால் என் திரையில் அவள் காய் நகர்ந்தது. ஆனால் இங்கே கரண்ட் போகும், இல்லை அங்கே லைன் போகும். முறை யாருடையதோ அவருக்காக ஆட்டம் அப்படியே காத்து நிற்கும். லைன் வரும்போது நான் வேலையில் இருப்பேன். நான் வரும்போது அவள் இருக்கமாட்டாள். புதிதாகத் தொடங்கவும் வழி கிடையாது. ஏகாதசிக் காயைப் பாதியில் எடுப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. அதனால் வைகுண்டம் சேராமல் யாரும் வெளியே போக முடியாதபடி எழுதித் தொலைத்திருந்தேன். வாரக்கணக்காக அதே பழைய ஆட்டம்தான் வந்து நின்றது.

“ஆள் இல்லேன்னா விட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிரணும் அண்ணாச்சி” என்றார் சென்டர்காரர். அவளை விட்டுவிட்டு நான் மட்டும் உருட்டுவதற்கா இவ்வளவும்? எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்: “இங்க வூட்டுல ஆடறப்போ உன் தங்கச்சி அடுப்பாண்ட எழுந்து போனா இன்னா பண்ணுவ? அதுக்கும் சேத்து நீதானய்யா உருட்டுவ.”

அதைத்தான் எழுதினேன். எதிராளி வெகுநேரம் உருட்டாமல் இருந்தால் ‘அவருக்காக உருட்டு’ என்று ஒரு பொத்தான் வரும்.

ஏகாதசி அன்று விரதத்தோடு காலடிப்பேட்டை பெருமாளைச் சேவித்துவிட்டு நேரே சென்டருக்குப் போனேன். ஆட்டம் நன்றாகவே ஓடியது. அவள் காய் வைகுண்டத்துக்குக் கீழ் வரிசைக்கு வந்தபோது அவள் லைன் போய்விட்டது. காத்திருந்து பார்த்தேன். பிறகு கோவிந்தா என்று அவளுக்காக உருட்டினேன். பெரிய பாம்பு. காய் அடிக்கட்டத்துக்கு இறங்கியது.

புரோகிராமுக்குள் போய் அவள் காய் நிற்கும் கட்டத்தின் எண்ணைத் திருத்த எனக்குத் தெரியும். ஏகாதசியும் அதுவுமாகக் கை வரவில்லை. இத்தனை மாதம் திட்டிய மெஷினை அப்போது திட்டவும் முடியவில்லை. உருட்டியது நான்.

லைன் வந்ததும் அவளே போன் செய்தாள்.

“இன்னாண்ணா, என்னைப் பாம்பு வாயில வுட்டுட்டியே.”

திரையில் அடிக்கட்டத்தில் நின்ற அவள் காயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி, நான் ஏறிக்கினு வரேன். நீ மேல போயிடாத, அங்கியே நில்லு.”

என் முறைதான் வந்திருந்தது. முறையை விட்டுக்கொடுத்து நிற்பதற்கு நான் வழி எதுவும் எழுதவில்லை.