லிங்கன் நகரத்துக் காசும் தங்கையின் திருநீறும்

வியாழன் மாலை. லண்டனிலிருந்து டென்மார்க்கின் பில்லுண்ட் விமான நிலையம் ஒன்றரை மணி நேரப் பறப்பு. அங்கிருந்து ஹொல்ஸ்டெப்ரோ ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். தங்கை சாந்தினியின் கணவர் ரவி காரோடு வந்திருந்தார். வாய் ஓயாத மனிதர், அன்று வழி நெடுகக் காலநிலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

வீட்டுக்குள் போனதும் காரணம் தெரிந்தது. ஓய்வு நாட்களில் ரவி உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு, அனுமதி வாங்கி, வயல்களில் நடப்பவர். போன ஞாயிறன்று பெருவிரல் நகமளவில் ஒரு பழைய வெள்ளிக்காசு அகப்பட்டது. டென்மார்க்கில் இப்படிக் கிடைப்பது அரசுக்குரியது. ஒட்டிய மண்ணோடு அப்படியே ஒப்படைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் காசைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு அவர் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். தங்கையோ, குங்குமச் சிமிழை மினுக்குவது போல, திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டாள்.

“ஆயிரம் வருசம் மண்ணுக்குள்ள பத்திரமா கிடந்தது, மச்சான். எங்கட குசினியில ஒரு பகல் தாங்கேல்ல. நாலு இடத்தில கீறல்,” என்றார் ரவி.

“ஊத்தையா இருந்துது அண்ணை, துடைச்சன். வேற என்ன செய்தனான்?”

இருவரும் என்னிடம்தான் சொன்னார்கள். தங்களுக்குள் பேச்சே இல்லை. இரவுச் சாப்பாட்டில் உப்புப் போத்தல்கூட என் கை வழியாகவே போய் வந்தது. விடுமுறைக்கு வந்தவனுக்கு நல்ல வேலைதான் கொடுத்தார்கள்.

வெள்ளி காலை பத்து மணி. ஸ்கீவ நகரப் பக்கம் ஓர் அருங்காட்சியகத்துக்குப் புறப்பட்டோம். நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். தூறல், உழுத வயல்கள், காற்றாலைகள். வழியில் வின்டருப் என்ற ஊரில் ரவி மூன்று கோப்பி வாங்கினார், ஒன்று முப்பது குரோனர். பின் இருக்கையிலிருந்த தங்கையின் கோப்பியையும் என்னிடமே நீட்டினார். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அவள் கோப்பியைத் தொடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டபோது எரிச்சல் பயமாக மாறியது. காசு கெட்டுப்போயிருந்தால் இதை வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள்.

அருங்காட்சியகத்தில் எங்களைச் சந்தித்த அதிகாரி நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். ரவி காசை வைத்துவிட்டு டேனிஷில் ஏதோ சொன்னார். தலை குனிந்திருந்தது. எனக்குப் புரியவில்லை. தங்கை என் காதருகே வந்தாள்.

“‘நாங்கள் தெரியாமல் துடைச்சுப்போட்டம்’ எண்டு சொல்லுறார் அண்ணை. நாங்களாம், என்னை மட்டும் சொல்லேல்ல.”

அதிகாரி உருப்பெருக்கியின் கீழ் காசை மெல்லத் திருப்பினார். ஒரு பக்கம் அரசனின் முகம், மறுபக்கம் சிலுவை, அதைச் சுற்றி எழுத்துகள். பிறகு எனக்காக ஆங்கிலத்துக்கு மாறினார். எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. காசை அடித்தவன் பெயர் கொட்ரிக், அடித்த ஊர் இங்கிலாந்தின் லிங்கன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், தாக்க வந்த டேனியரைத் திருப்பி அனுப்ப ஆங்கிலேயர் இப்படி வெள்ளியை அள்ளிக் கொடுத்தார்களாம். அந்தக் கீறல்கள்? வாங்கிய டேனியர், வெள்ளி நல்லதா என்று கத்தி நுனியால் குத்திப் பார்த்த தடங்கள். திருநீறு மண்ணை மட்டுமே எடுத்திருக்கிறது. “அடுத்த முறை தண்ணீரும் வேண்டாம்,” என்று சிரித்தார். கடைசி உறுதியைக் கோப்பன்ஹேகன் தேசிய அருங்காட்சியகம்தான் சொல்லுமாம்.



அடித்தவன் பெயரை ஏன் போட்டார்கள் என்று கேட்டேன். வெள்ளியில் கள்ளம் இருந்தால் யாருடைய கையை வெட்டுவது என்று தெரிய வேண்டுமே என்றார்.

வெளியே வந்ததும் தங்கை ரவிக்கு முன்னால் இரு கைகளையும் நீட்டினாள். “இஞ்சருங்கோ, கொட்ரிக்கின்ர கையும் தப்பீட்டுது, என்ர கையும் தப்பீட்டுது.”

ரவி கார்க் கதவைத் திறந்து அவளுக்கு முன் இருக்கையைக் காட்டினார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் எனக்கு விமானம். லண்டன் திரும்பினால் என் வீட்டிலும் இப்படி நாட்கணக்கில் பேசாமல் இருக்க ஏதாவது கிடைக்கும். அதைத் தீர்த்துவைக்க உருப்பெருக்கி வைத்திருப்பவர் அங்கே யாருமில்லை. புறப்படுமுன் கடைசியாக ஒருமுறை மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

“சாந்தி, உந்த உப்பை ஒருக்கா இஞ்சால தாரும்,” என்றார் ரவி.

கறியில் உப்பு அளவாகத்தான் இருந்தது.