நாலு மில்லி மழை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் செக்கிங்கில் இருந்தேன். தையல் ஓர் இழை விலகியிருந்தாலும் ரிஜெக்ட். ஒரு ஜோடியில் தப்பு கண்டால் அந்தப் பெட்டியையே திருப்பி அனுப்புவேன். லைனில் எல்லோருக்கும் என்மேல் எரிச்சல்.

ரிட்டயர் ஆனபின் வீட்டில் நான் மட்டும்தான். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் துபாயில். சென்னையில் பருவநிலை ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் வந்து, ஊரில் இன்னும் சில வீடுகளில் வைத்ததுபோல என் மொட்டை மாடியிலும் மழை அளக்கும் ஜாடி ஒன்றை வைத்தாள். கம்ப்யூட்டரில் பூமியைச் சதுரம் சதுரமாகப் பிரித்து மழையையும் வெயிலையும் கணக்குப் போடுகிறார்களாம். ஆம்பூரும் எதிரே தெரியும் மலையும் அதில் ஒரே சதுரம்.

"அதுக்குள்ள எந்தத் தெருவுல கொட்டுதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது ஆன்ட்டி. நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

தினமும் காலை எட்டரைக்குப் போன் செய்வாள். மழையில்லாத நாளில் "ஜீரோ" என்பேன். "சரி ஆன்ட்டி" என்று வைத்துவிடுவாள். அப்புறம் மறுநாள் எட்டரை வரை என்னிடம் பேச ஆளில்லை.

ஒரு நாள், தெரிந்தேதான், "நாலு மில்லி" என்றேன். எப்போது பெய்தது, காற்று அடித்ததா என்று பத்து நிமிஷம் பேசினாள். சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்டாள். அந்த மாதம் இன்னும் இரண்டு முறை பெய்யாத மழையைச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் நிஜமாகவே கொட்டியது. ஒரு மணி நேரத்தில் ஜாடி நிரம்பி வழிந்தது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பஸ் ஸ்டாண்டு பக்கம் தூறல்கூட இல்லையாம். இப்படி ஒரு மழையைத்தானே அவள் தேடிக்கொண்டிருந்தாள்! எட்டரை எப்போது ஆகும் என்று காத்திருந்தேன்.

போன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆன்ட்டி, கம்ப்யூட்டர்லயும் இந்த மழை இல்ல, பக்கத்து ஜாடிங்கள்லயும் இல்ல. போன மாசம் நீங்க சொன்ன மூணு நாளும் சேட்டிலைட்ல மேகமே இல்ல."

"அது பொய்தாம்மா. நீ கொஞ்சம் ஜாஸ்தி பேசுவேன்னு சொல்லிட்டேன். இது நெஜம். வூடெல்லாம் சேறு."

"நான் நம்பறேன் ஆன்ட்டி. ஆனா சேர்க்க முடியாது. உங்க ஜாடியோட எல்லா அளவையும் ஆபீஸ்ல கணக்குலேர்ந்தே எடுத்துட்டாங்க."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் பெட்டியோடுதான் திருப்பியிருப்பேன்.

மறுநாள் மாடி ஏறி ஜாடியைப் பார்த்தேன். ஜீரோ. அதைச் சொல்வதற்காக, போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பது மணி வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.