எவ்வளவு தூரம்?

அன்றைக்குத் தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரி அறைக்குள் இருந்தது மூன்று பேர்: அம்மா, துணைக்குப் போன அத்தை, புதிதாக வந்திருந்த மலையாளி டாக்டர். இல்லாதவர்கள்: ஒரு பெண் டாக்டர், தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ், அப்புறம் நான். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் படி ஏறியவன் நான். மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"பொம்பளைக சமாச்சாரம்ல. ஆம்பளப் பயலுக்கு உள்ள என்ன சோலி?"

அம்மாவுக்கு மாதவிடாய் நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. திடீரென்று மறுபடியும் ரத்தம். கொழுந்து எடுக்கிற காட்டில் கழிப்பறை கிடையாது. அவள் அடிக்கடி புதர்ப்பக்கம் ஒதுங்கியதைப் பார்த்து சூப்பர்வைசர், "என்னா, ஆனையப் பாக்கப் போறியா?" என்று கேட்டிருக்கிறான். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள், "மறுபடி கொமரி ஆயிட்டா" என்று சிரித்தார்கள். நின்ற பிறகு ரத்தம் வந்தால் உடனே காட்ட வேண்டும் என்று ஒருவரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. அத்தைதான் வற்புறுத்தி இழுத்துப் போனாள்.

வெளியே வந்த அம்மாவின் கையில் மாத்திரையும் ஒரு தைலமும் இருந்தன. "சொல்லிட்டேன், குடுத்துட்டாரு" என்றாள். தீரத் தீர வாங்கித் தின்றாள். ரத்தம் நிற்கவில்லை.

மழை முடிந்து பனி விழத் தொடங்கிய சமயம், அத்தை அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னாள். "மதினி போயி, 'தூரம் நின்னு போச்சு சார், இப்ப மறுபடி தூரம்'னா. அவரு, 'எத்ர தூரம்?'ங்காரு. இவ, 'மேல் டிவிஷன்லருந்து நடந்து வாரேன்'னுட்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அம்மாவின் மாத்திரை அட்டையை எடுத்துப் படித்துப் பார்த்தேன்.

எங்கள் லயத்தில் மாதவிடாய்க்குத் 'தூரம்' என்றுதான் பெயர். வேறு சொல்லை எந்தப் பெண்ணும் வாயில் எடுக்க மாட்டாள். மலையாளத்தில் தூரம் என்றால் நடக்கிற தூரம் மட்டும்தான். அவர் கொடுத்தது கால்வலி மாத்திரை. இத்தனை தலைமுறையாகத் தமிழச்சிகள் பறித்த கொழுந்தில் நடக்கிற எஸ்டேட் இது. அவர்கள் வலியைச் சொல்கிற ஒரு சொல்லை, மருந்து கொடுக்க வருகிறவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த டாக்டரை விடுங்கள், அவரை அங்கே உட்கார வைத்தவர்களுக்கு அது ஒரு குறையாகவே படவில்லையே!

மறுநாளே ஜீப் பிடித்துத் தேனிக்குக் கொண்டுபோனேன். கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. பார்த்த டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். "மொதல்லயே வந்திருந்தா ஆபரேஷனோட போயிருக்கும். இப்ப கரண்டும் வைக்கணும்."

அம்மா பிழைத்துக்கொண்டாள். ரிட்டயர் ஆனால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். போடியில் ஒரு அறையாவது கட்டலாம் என்று அவள் சேர்த்துவைத்த காசு பிழைக்கவில்லை. டிஸ்பென்சரியில் தைலம் இலவசம். ஆபரேஷன், கரண்டு, ஜீப் வாடகை எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் ரூபாய்.