பரிதாவின் காது

கூண்டுக்குள் தொலைபேசியில் பேசுகிறவர் குரலை எடுத்ததுமே பரிதாவின் தலை இடப்பக்கம் சாயும். "ஆபீஸ்லதான் கீறேன்" என்று உள்ளிருப்பவர் அடித்துச் சொல்வார். அவர் வெளியே வந்ததும், பில்லைக் கிழித்து நீட்டியபடியே, "இன்னாண்ணா, ஆபீஸ் செம்பாக்கம் ஏரிக்கு வந்துட்ச்சா?" என்பார் பரிதா. யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பிறந்தது பல்லாவரம். கணவர் இறந்தபின் செம்பாக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்தார். கைப்பேசிகள் பெருகி, பூத்துக்கு ஆள் குறைந்ததும், சில கணினிகளை வாங்கிப் போட்டு, "இங்கு இன்டர்நெட் பார்க்கபடும்" என்று பலகை மாட்டினார். அங்கே வழக்கமாக மின்னஞ்சல் பார்க்கப் போகும் நான், விடுபட்ட ஒற்றைச் சுட்டிக்காட்டினேன். "ஒத்தப் புள்ளிக்கு யாரு சார் ஏணி போடுறது?" என்று விட்டுவிட்டார்.

சென்ற நோன்பு மாதத்துக்குப் பிறகு, கூட்டமில்லாத நேரங்களில் அவரே ஒரு கணினியின்முன் அமரத் தொடங்கினார். எதிர்முனையில் மொஹ்சின் என்றொருவர். மனைவியை இழந்தவராம், லண்டனில் கப்பல் பொறியாளராம், பிறந்து வளர்ந்தது பல்லாவரமாம். ஆங்கிலத்திலேயே எழுதுவார். இரண்டாம் வாரமே நிக்காஹ் பேச்சை எடுத்துவிட்டார். போனில் பேசச் சொல்லலாமே என்றேன். "கப்பல்ல சிக்னல் இல்லியாம் சார்." காதால் பொய்யைப் பிடிக்கிறவருக்கு அங்கே கேட்பதற்கு ஒரு குரலே இல்லை.

அடுத்து ஒரு பரிசுப் பெட்டி புறப்பட்டது. அது சுங்கத்தில் மாட்டிக்கொண்டதாம்; அதை மீட்கப் பரிதா பணம் அனுப்ப வேண்டுமாம். பணம் அனுப்ப வேண்டிய நாளன்று காலை நான் மின்னஞ்சல் பார்க்கப் போனபோது அவருடைய மணிக்கட்டுகள் வெறுமையாக இருந்தன. தாயார் போட்ட பொன்வளையல்கள் கைக்குட்டையில் முடிந்து மேசைமேல் கிடந்தன. சோப்புப் போட்டு உருவியதில் தோல் கன்றியிருந்தது. அடகுக்கடை திறப்பதற்காகக் காத்திருந்தார்.

"நல்லா யோசிச்சியாம்மா?" என்றேன்.

"யோசிக்காம இன்னா சார்? ராவெல்லாம் தூக்கமே இல்ல, மனசு நொந்து கெடக்கு. அதத்தான் அவருக்கும் இப்ப அடிச்சேன்."

ஆங்கில எழுத்துகளில் அவர் தட்டியிருந்தது இது: "மனசே பேஜாரா கீது."

பதில் வந்து விழுந்தது. பரிதா அதை உதடசைத்துப் படித்தார், மறுபடியும் படித்தார். "நான் படிக்கிறது சரிதானா பாருங்க சார்" என்றார். நான் குனிந்து படித்துத் தமிழில் சொன்னேன்: "அன்பே, எந்தக் கடைத்தெருவில் இருக்கிறாய்? பஜாரில் எனக்கு என்ன வாங்கினாய்?"

"பல்லாவரத்துல வளந்தவனுக்குப் பேஜார் தெரியாதா சார்?"

"ஊரை விட்டுப் போய் ரொம்ப நாளாச்சேம்மா, மறந்திருக்கும்."

"பெத்த அத்தா பேர மறப்பான் சார். பேஜார மறப்பானா?"

விறுவிறுவென்று தட்டினார்: "பல்லாவரத்துல உங்க வூடு எந்தத் தெரு?" பதிலாக ஒரு ரோஜாப்பூப் படம் வந்தது. அதன் கீழே, பணம் இன்று வந்துவிடுமா என்ற கேள்வி.

பரிதா சிரிக்கத் தொடங்கினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் சிரித்தார். "இன்னும் அரைமணி போயிருந்தா அடகுக்கடைல நின்னுகினு இருந்திருப்பேன் சார்! கம்னாட்டி, எந்த பஜாராம்!"

கணினியில் மொஹ்சினின் செய்திகள் விடாமல் வந்து விழுந்துகொண்டிருந்தன. பரிதா கைக்குட்டையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். சோப்பை நுரைக்க நுரைக்கத் தேய்த்து, விரல்களைக் குவித்து, பல்லைக் கடித்தபடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கையில் ஏற்றினார்.