டீசல் ஹீட்டரில் காற்றுப் பிடித்த அன்று

வெள்ளிமலையில் நாங்கள் வாங்கிய வீட்டில் டீசலில் எரியும் ஹீட்டர் ஒன்று இருந்தது. குளிர் நாட்டில் பல வருடம் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் ஆசையாகக் கட்டிய வீடு அது. வெளிச்சுவரில் ஆளுயரத்தில் டீசல் டேங்க். அதிலிருந்து வரும் செம்புக் குழாய், கூடத்தில் அரை பீரோ அளவுக்கு நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் போகும். தீ அந்தப் பெட்டிக்குள்தான் எரியும். புகை தனிக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். கூடத்துக்குள் சூடான காற்று மட்டும் வரும்.

விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது, "சுவிட்சப் போட்டா எரியும்ங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அலமாரியில் கிடந்த கையேட்டை முதல் வாரமே உட்கார்ந்து படித்து முடித்தேன். என் கணவர் அதைத் தொடவேயில்லை. அவர் மலையில் பள்ளி ஆசிரியர்; பிள்ளைகளிடம்தான் புத்தகத்தைப் படி படி என்பார்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து என் மாமியார் மார்கழியில் வருவதாகச் சொன்னார். எங்கள் ஹீட்டரைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்தே அவருக்கு அது பிடிக்கவில்லை. "குளுருதுன்னா ரெண்டு கம்பளி போத்திக்க வேண்டியதுதான. மெஷினுக்குத் தீனி போடவா வூடு வாங்கனீங்க?" என்று போனிலேயே கேட்டுவிட்டார்.

அவர் வருகிற நாள் காலையில் ஹீட்டர் அணைந்துபோனது. டேங்கில் ஒரு சொட்டுக்கூட இல்லை. குச்சி விட்டு அளந்து பாருங்கள் என்று நான் இரண்டு முறை சொல்லியும், "இருக்குது, இருக்குது" என்றே நாளைக் கடத்திய கணவர் ஜீப் பிடித்துக் கீழே போய், இரண்டு கேன் டீசல் வாங்கி வந்து ஊற்றினார்.

சாயங்கால பஸ்ஸில் மாமியார் வந்து இறங்கியபோது பனி இறங்கத் தொடங்கியிருந்தது. கூடத்தில் அவரை உட்காரவைத்துவிட்டு, கணவர் பெருமையாக சுவிட்சைப் போட்டார். மோட்டார் சுற்றியது. தீ பிடிக்கவில்லை. சற்று நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றுவிட்டது. அதற்குப் பக்கத்திலிருந்த பொத்தானை அமுக்கினார். மறுபடி சுற்றி, மறுபடி நின்றது. மூன்றாவது தடவை அமுக்கப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வுடுங்க. எரியாத டீசல் உள்ள சேர்ந்துக்கினே இருக்கும். அப்புறம் ஒரேடியாப் பத்திக்கும்."

மெக்கானிக்குக்கு போன் போட்டோம். நாளை மறுநாள்தான் வர முடியும் என்றார். மாமியார் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு மகனைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்கு உறைத்தது.

பெட்டியின் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். டேங்க் காலியாகிறது, டீசல் ஊற்றினாலும் கிளம்ப மாட்டேன் என்கிறது. களமருதூரில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் இறைத்த டீசல் இன்ஜின் இதே வம்பைச் செய்யும். கல்யாணம் ஆகும்வரை அதை ஓட்டியவள் நான். குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால் டீசல் வராது. காற்றை வெளியேற்றினால் போதும். கையேட்டைப் புரட்டினேன். இதிலும் பம்பின் மேல் அதற்கென்று ஒரு திருகு இருந்தது. படத்தைப் பார்த்ததும் சிரிப்பே வந்துவிட்டது.

ஸ்பேனரோடு வந்ததும் மாமியார் கேட்டார். "இன்னா பண்ணப் போற?"

"ஏர் எடுக்கப் போறேன் அத்தை."

"கரண்ட நிறுத்துனியா?"

"நிறுத்திட்டேன்."

அவர் எழுந்து வந்து டார்ச்சைப் பிடித்தார். கணவர் கீழே கிண்ணத்தை ஏந்தினார். உள்ளே தேங்கியிருந்த கொஞ்சம் டீசலைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்தேன். பிறகு திருகை அரைச்சுற்றுத் தளர்த்தினேன். புஸ் புஸ்ஸென்று நுரைதான் வந்தது. விட்டுவிட்டுத் துப்பியது. கொஞ்ச நேரத்தில் நுரை குறைந்து, கண்ணாடி போலத் தெளிந்த டீசல் அறுபடாமல் ஒழுகியது. இறுக்கினேன். சிந்தியதைத் துடைத்து, வாடை அடங்கும்வரை காத்திருந்து, ஒரே ஒரு முறை பொத்தானை அமுக்கினேன்.

மோட்டார் சுற்றியது. 'டுப்' என்று ஒரு சத்தம். சின்னக் கண்ணாடித் துளை வழியே மஞ்சளாகத் தீ எழுந்து நின்றது.

"புடிச்சிக்கிச்சு!" என்று முதலில் கத்தியது மாமியார்தான்.

நான் கையில் டீசலோடு எழுந்து நின்றேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. மாமியார் பெட்டியின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக் கால்களை நீட்டினார். "மெக்கானிக்கு வர வேணாம்னு சொல்லுடா. எம்மருமக இருக்கறா" என்றார் மகனிடம். மூன்று நாளுக்கென்று வந்தவர் பொங்கலுக்கு முந்தின நாள்தான் ஊருக்குக் கிளம்பினார்.

போன ஐப்பசியில், எங்கள் தெருவில் இதே மாதிரி ஹீட்டர் உள்ள வீட்டை ஓய்வுபெற்ற தம்பதியர் வாங்கினார்கள். யார் சொன்னார்களோ, நேரே என்னிடம் வந்தார்கள். கூடப் போய்ப் பார்த்தேன். புகைக்குழாயின் வாயில் குருவிக்கூடு. எடுக்காமல் பற்றவைத்தால் புகை முழுக்க வீட்டுக்குள்தான். ஆள் வைத்து அதை எடுக்கச் சொன்னேன். டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரை இறக்கினேன்; இனிக் குழாயில் புகுந்த காற்றை எடுப்பதுதான் பாக்கி. டேங்க் கால்வாசிக்குக் கீழே போக விடாதீர்கள், சிவப்பு விளக்கு எரிந்தால் பொத்தானை ஒரு தடவைக்கு மேல் அமுக்காதீர்கள், குளிர்காலத்துக்கு முன்னால் வருடம் ஒருமுறை மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுங்கள் என்றேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டே வந்தவர், "திருகு எங்க இருக்குதுன்னு காட்டும்மா, நானே தொறக்கறேன்" என்று ஸ்பேனருக்குக் கையை நீட்டினார்.